என்.எச்.எஸ். வருவதற்கு முன்னால் இங்கிலாந்தில் பிரசவம் பார்த்தது யார்?

ஒரு வாசகரின் கேள்வி, 6 ஜனவரி 2024

1948 ஜூலை 5 அன்று என்.எச்.எஸ். (பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவை) தொடங்கும்வரை இங்கிலாந்தில் ஏழைப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்க ஆளே கிடையாது, அதற்கப்புறம்தான் தாயும் சேயும் பிழைக்க ஆரம்பித்தார்கள் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா? அந்த நாட்டில் வேலை பார்ப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

6 ஜனவரி, இரவு 11.40

உண்மை இல்லை. என்.எச்.எஸ். மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அதற்கு முன்னால் ஊர் ஊராக வேலை செய்த பெண்களை இப்படித் துடைத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

நான் 19 வருஷமாக வடக்கு இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். என்னிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்ட பாட்டிமார்களில் நிறையப் பேர் 1940களிலும் 50களிலும் பிள்ளை பெற்றவர்கள். அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த விஷயத்தில் இறங்கினேன். அப்புறம் அந்தக் காலத்து ஹெல்த் ஆபீசர்களின் (உள்ளூர் மன்றங்களின் சுகாதார டாக்டர்கள்) வருடாந்தர அறிக்கைகளைப் படிக்கத் தொடங்கினேன். லண்டன் பகுதிக்கு மட்டுமே 1848 முதல் 1972 வரை 5,500க்கு மேற்பட்ட அறிக்கைகளை வெல்கம் நூலகம் இணையத்தில் போட்டிருக்கிறது. பிறப்பு எத்தனை, இறப்பு எத்தனை, மருத்துவச்சி எத்தனை முறை வீடுகளுக்குப் போனார், கெட்டுப்போன இறைச்சியை எவ்வளவு அழித்தார்கள் என்று எல்லாம் ஒரே புத்தகத்தில் கிடக்கும். இரவுப் பணி முடிந்து வந்தால் தூக்கம் வரும்வரை எனக்கு அதுதான் வாசிப்பு.

சரி, கேள்விக்கு வருகிறேன். 1902இல் மருத்துவச்சிகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. பயிற்சி பெற்றுப் பதிவு செய்தவர்கள்தான் அந்தத் தொழிலைச் செய்யலாம் என்றது. 1910க்குப் பிறகு பதிவில்லாத ஒருத்தி கூலி வாங்கிக்கொண்டு வழக்கமாகப் பிரசவம் பார்ப்பது குற்றம். 1918இல் தாய்சேய் நலச் சட்டம் வந்தது. தாய்சேய் நலத்துக்காக உள்ளூர் மன்றங்களில் தனிக்குழு உருவானது. 1936இல் இன்னொரு சட்டம் வந்து, உள்ளூர் மன்றங்கள் சம்பளத்துக்கு மருத்துவச்சிகளை வைத்தே ஆக வேண்டும் என்றது. அதாவது 1948இல் ஒருத்தி வலி கண்டு ஆள் அனுப்பியபோது வந்த மருத்துவச்சி, அதற்குப் பத்து வருஷம் முன்பிருந்தே அந்தத் தெருக்களில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர்.

1948 செய்த பெரிய காரியம், கட்டணத்தை எடுத்தது. அதுவரை வசதியைப் பொறுத்து ஏதோ ஒரு தொகை கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கப்புறம் மருத்துவச்சியும் இலவசம், டாக்டரும் இலவசம். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது: மருத்துவச்சி, ஹெல்த் விசிட்டர் (வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் பார்க்கும் நர்ஸ்), குழந்தை நல மையம் எல்லாம் என்.எச்.எஸ். வந்த பிறகும் கவுண்டி (மாவட்டம் மாதிரி), பெருநகர மன்றங்களின் கையில்தான் இருந்தன. 1974இல்தான் அங்கிருந்து மாறின.

எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 1934இல் 1000 பிரசவங்களுக்கு 4க்கு மேற்பட்ட தாய்மார்கள் இறந்தார்கள். 1950இல் அது 1க்கும் கீழே. சரிவு 1930களின் நடுவிலேயே தொடங்கிவிட்டது. ஒரு வயது முடிவதற்குள் இறந்த குழந்தைகள் 1946இல் 1000க்கு 43, 1960இல் 22.

7 ஜனவரி

அந்தக் காலத்து வீட்டுப் பிரசவம் எப்படி நடக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டிமார்கள் சொன்னதை வைத்து எழுதுகிறேன். ஒருத்தி சொன்னதும் இன்னொருத்தி சொன்னதும் கலந்திருக்கும்.

1946இல் ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் வீட்டில்தான் பிறந்தன. மருத்துவச்சி முன்கூட்டியே வீட்டுக்கு வந்து பார்ப்பார். எந்த அறை, கட்டில் சுவரோடு ஒட்டியிருக்கிறதா, தண்ணீர் எங்கேயிருந்து எடுக்க வேண்டும், கணப்பு அடுப்பில் நெருப்பு பிடிக்கிறதா. மாடியில் குழாய் இல்லாத வீடுகள்தான் அதிகம். கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தச் சொல்வார். பழைய செய்தித்தாள்களைச் சேர்த்து வைக்கச் சொல்வார். மெத்தைமேல் செய்தித்தாள், அதன்மேல் பழுப்புத் தாள், அதன்மேல் பழைய விரிப்பு. பஞ்சு, துணி, தொப்புளுக்குக் கட்டும் துணி எல்லாம் நுண்ணுயிர் நீக்கி ஒரு பெட்டியில் போட்டு மன்றமே கொடுக்கும். அந்தப் பெட்டியை அலமாரிமேல் வைத்துவிட்டு யாரையும் தொட விடமாட்டார்களாம். ஒரு பாட்டி சொன்னார்: "அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்த அன்றுதான், ஆமாம், குழந்தை நிஜமாகவே வரப்போகிறது என்று எனக்குப் பட்டது, லவ்." இந்த ஊர்ப் பக்கம் எல்லோரையும் லவ் என்றுதான் கூப்பிடுவார்கள், நாம் கண்ணு என்பதுபோல.

வலி வந்ததும் கணவன் தெருமுனைத் தொலைபேசிக் கூண்டுக்கு ஓடுவார். அப்புறம் அவருக்கு வேலை தண்ணீர் காய்ச்சுவதும் கரி அள்ளிப் போடுவதும் மட்டும்தான். அறைக்குள் விடமாட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா உள்ளே இருப்பார். மருத்துவச்சி கறுப்புப் பையோடு வந்து கோட்டைக் கழற்றி, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். அந்தக் கை கழுவல் எத்தனை பேர் நினைவில் இருக்கிறது தெரியுமா? முகம் மறந்துபோயிருக்கும், பெயர் மறந்துபோயிருக்கும், முழங்கைவரை சோப்பு நுரை மட்டும் நினைவிருக்கும்.

குழந்தை பிறந்ததும் துணியில் முடிந்து வில் தராசில் தூக்கிப் பார்ப்பார். நஞ்சுக்கொடியைச் செய்தித்தாளில் சுற்றிக் கணப்பு நெருப்பில் போட்டுவிடுவது வழக்கம். தொட்டில் இல்லாத வீட்டில் அலமாரியின் இழுப்பறையை உருவி, அதில் போர்வை விரித்துக் குழந்தையைக் கிடத்துவார்கள். "நான் இழுப்பறையில் தூங்கின குழந்தை" என்று சொல்லும் ஆட்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

அதோடு முடியவில்லை. 14 நாள் அந்த மருத்துவச்சி வர வேண்டும் என்பது விதி. முதல் மூன்று நாள் காலையும் மாலையும், அப்புறம் தினம் ஒரு முறை. காய்ச்சல் பார்ப்பார், குழந்தையைக் குளிப்பாட்டுவார், பால் கட்டியிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவார். தாய் படுக்கையை விட்டு இறங்கக் கூடாது. சமைக்கவும் மூத்த பிள்ளைகளைப் பார்க்கவும் மன்றத்திலிருந்தே வீட்டுதவிப் பெண் வருவதுண்டு. நான் முதல்முறை இதைக் கேட்டபோது எங்கள் அம்மாவைப் பெற்ற ஆச்சி நினைவு வந்தது. பிள்ளை பெற்றவளைத் தரையில் கால் வைக்க விடமாட்டாள். இங்கே அதை ஒரு நகராட்சி செய்திருக்கிறது என்பதை நம்பவே நேரமாயிற்று.

7 ஜனவரி, கொஞ்ச நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போயிற்று. மருத்துவச்சி வீட்டு வாசலில் சிலேட்டு ஒன்று தொங்குமாம். வெளியே போகும்போது எந்தத் தெருவில், எந்த வீட்டில் இருக்கிறார் என்று சாக்பீஸால் எழுதிவிட்டுப் போவார். அவரைத் தேடி வருகிறவர் அதைப் படித்துவிட்டு அங்கே ஓட வேண்டும். கைபேசி இல்லாத ஊரில் இதைவிட நல்ல ஏற்பாடு என்ன இருக்க முடியும்!

8 ஜனவரி

தீட்டு உண்டா என்று கேட்டவருக்கு: கிட்டத்தட்ட உண்டு. பிள்ளை பெற்றவள் சர்ச்சுக்குப் போய் நன்றிச் சடங்கு முடிக்கும்வரை அடுத்தவர் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பது பல ஊர்களில் 1950கள்வரை இருந்தது. பிரார்த்தனைப் புத்தகத்தில் இருப்பது நன்றி சொல்லும் சடங்குதான். தெருவில் அதைத் தீட்டுக் கழிப்பாகவே நடத்தியிருக்கிறார்கள். பெற்ற தாயே "சர்ச்சுக்குப் போய்விட்டு வா, அப்புறம் உள்ளே வா" என்று நிறுத்தியதை ஒரு பாட்டி இன்னும் கோபத்தோடுதான் சொன்னார்.

10 ஜனவரி

ஹெல்த் விசிட்டர் பற்றி எழுதாமல் இதை முடிக்கக் கூடாது.

குழந்தை பிறந்து 36 மணி நேரத்துக்குள் ஹெல்த் ஆபீசருக்குத் தகவல் போக வேண்டும். அந்தச் சட்டம் 1907இல் விருப்பப்பட்ட ஊர்களுக்கு வந்து, 1915இல் எல்லா ஊர்களுக்கும் ஆனது. இதற்கு முன்னோடி ஹடர்ஸ்ஃபீல்ட். அந்த ஊர் மேயர் பெஞ்சமின் பிராட்பென்ட், தான் மேயராக இருந்த காலத்தில் லாங்வுட் பகுதியில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், அது முதல் பிறந்தநாளைப் பார்த்தால் ஒரு பவுண்டு தருவதாக 1904இல் எழுதிக் கொடுத்தார். கூடவே வீட்டுக்குப் போய்த் தாய்க்குச் சொல்லித் தரவும் ஏற்பாடு செய்தார். அந்தப் பகுதியில் சிசு மரணம் குறைந்தது. பணத்தால் மட்டும் குறைந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஒரு பெரிய மனிதர் என் பிள்ளையின் பிறந்தநாளை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பே ஒரு தாய்க்குப் பலம்தானே.

சரி, 1950களுக்கு வருகிறேன். மருத்துவச்சியின் 14 நாள் முடிந்ததும் ஹெல்த் விசிட்டர் வருவார். குழந்தைக்கு ஐந்து வயதாகும்வரை அவர் கணக்கில் அந்த வீடு இருக்கும். வாரம் ஒரு மதியம் குழந்தை நல மையம். தனிக் கட்டடமெல்லாம் எல்லா ஊரிலும் கிடையாது, பெரும்பாலும் ஏதாவது ஒரு சர்ச் கூடம். வெளியே தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும், பல வண்டிகளில் குழந்தை தனியாகத் தூங்கிக்கொண்டிருக்கும். உள்ளே மேசைமேல் தராசு. குழந்தையின் உடுப்பைக் கழற்றி எடை போட்டு அட்டையில் எழுதுவார்கள். தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) தடுப்பூசியும் அங்கேதான். 1940இல் அந்த நோயால் 2,000க்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், இறந்தார்கள். 1950களின் கடைசியில் ஆண்டு முழுவதற்கும் விரல்விட்டு எண்ணலாம்.

எடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் பார்த்த பாட்டிமார்களில் மறதி நோய் முற்றியவர்கள் உண்டு. மகள் எதிரே உட்கார்ந்திருந்தால் "இந்தப் பெண் யார்?" என்பார்கள். ஆனால் "உங்கள் குழந்தை என்ன எடை?" என்று கேட்டுப் பாருங்கள். "7 பவுண்டு 4 அவுன்ஸ்" என்று தட்டாமல் வரும். வாரா வாரம் அட்டையில் பார்த்துப் பார்த்து மனதில் பதிந்துவிட்டது போல.

எல்லோருக்கும் ஹெல்த் விசிட்டரைப் பிடித்ததா என்றால் இல்லை. தெருவில் அவர் தொப்பி தெரிந்ததும் அடுப்படியைத் துடைத்து, அழுக்குத் துணியைக் கட்டிலடியில் தள்ளியவர்கள் நிறைய. "பிள்ளையைப் பார்க்க வருகிறாளா, என் வீட்டைப் பார்க்க வருகிறாளா?" என்பதுதான் கேள்வி. நாலு மணிக்கொரு முறைதான் பால், நடுவில் அழுதால் அழட்டும் என்று சட்டம் போட்ட ஹெல்த் விசிட்டர்களும் இருந்தார்கள். குழந்தை அழ, தானும் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்து அழுததை ஒரு பாட்டி சொன்னார். உதவியும் கண்காணிப்பும் ஒரே தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தன. இரண்டையும் பிரித்துப் பார்க்க இன்றுவரை என்னால் முடியவில்லை.

11 ஜனவரி

6ஆம் தேதி நான் எழுதியதில் ஒரு திருத்தம். தாய்மார்கள் சாவது குறைந்ததற்கு 1936 சட்டமும் சம்பள மருத்துவச்சிகளும்தான் காரணம் என்பதுபோல் படுகிறது. அப்படி விட்டால் தப்பு.

பெரிய காரணம் மருந்து. பிரசவ ஜன்னிதான், அதாவது பிள்ளை பெற்றபின் கிருமித்தொற்றால் வரும் காய்ச்சல்தான், தாய்மார்களைக் கொன்ற முதல் எதிரி. கிருமியை அடக்கும் சல்ஃபா மருந்துகளை 1936இல் லண்டன் குயின் ஷார்லட் மருத்துவமனையில் லியனர்ட் கோல்புரூக் ஜன்னி கண்ட தாய்மார்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். பெரும்பாலோர் பிழைத்தார்கள். அதற்கப்புறம்தான் வரைபடக் கோடு செங்குத்தாக இறங்குகிறது. பிறகு பென்சிலின், இரத்த வங்கி.

இன்னொன்று நமக்கு வியப்பாக இருக்கும். 1930களின் தொடக்கத்தில் பிரசவத்தில் செத்த தாய்மார்களின் விகிதம் ஏழைகளைவிட வசதியானவர்களிடம் அதிகம். காசு உள்ளவர் டாக்டரை வைத்துக்கொண்டார். அவசரத்தில் டாக்டர் ஆயுதம் (குழந்தையை இழுத்தெடுக்கும் இடுக்கி) போட்டு எடுத்தார், அதோடு ஜன்னியும் வந்தது. ஏழைக்கு மருத்துவச்சிதான். அவர் ஆயுதம் போட முடியாது, காத்திருந்தார். அந்தப் பொறுமையே பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

அதற்காக உள்ளூர் மன்றங்களின் வேலையைக் கழித்துவிடவும் கூடாது. லங்காஷயரில் ராச்டேல் என்ற ஊர் தாய் மரணத்தில் நாட்டிலேயே மிக மோசமாக இருந்தது. 1930களின் தொடக்கத்தில் ஆண்ட்ரூ டாப்பிங் அங்கே ஹெல்த் ஆபீசராக வந்தார். கர்ப்பகாலப் பரிசோதனை, தேவையில்லாமல் ஆயுதம் போடுவதைத் தடுப்பது, ஊர் முழுக்கக் கூட்டம் போட்டுப் பேசுவது என்று இறங்கினார். சல்ஃபா வருவதற்கு முன்பே அந்த ஊரில் மரணம் பல மடங்கு குறைந்தது. ஆகவே மருந்துதான் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடவும் எனக்கு மனமில்லை.

14 ஜனவரி

நல மையத்தில் கொடுத்த ஆரஞ்சுச் சாறு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்!

போர்க்கால ஏற்பாடு அது. 1940இல் கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் தினம் ஒரு பைன்ட் (அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல்) பால், 2 பென்னிக்கு, முடியாதவர்களுக்கு இலவசம். 1941 கடைசியில் காட் மீன் ஈரல் எண்ணெயும் பிளாக்கரன்ட் என்ற பழத்தின் சாறும் வந்தன. பிறகு அமெரிக்காவிலிருந்து செறிவூட்டிய ஆரஞ்சுச் சாறு. கர்ப்பிணிக்குப் பச்சை ரேஷன் புத்தகம். அதை நீட்டினால் வரிசையில் முன்னே விடுவார்கள். நல மையத்தின் ஓரத்தில் ஒரு மேசை போட்டு, தொண்டுப் பெண்கள் சீட்டை வாங்கிக்கொண்டு பாட்டிலைக் கொடுப்பார்கள்.

சாற்றுக்கு நல்ல கிராக்கி. மீன் எண்ணெய்க்குத்தான் ஆள் இல்லை. எங்கள் இல்லத்தில் ஒரு தாத்தா, தன் பங்கு முழுவதையும் வீட்டுப் பூனைதான் குடித்தது என்றும், அந்தத் தெருவிலேயே பளபளப்பான பூனை அதுதான் என்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். 1961இல் மானியத்தை எடுத்ததும் சாறு வாங்குவதும் குறைந்துபோயிற்று.

பூனை கதையோடு நிறுத்தினால் நேர்மையாக இருக்காது. மீன் எண்ணெயிலும் வைட்டமின் டி, அரசு கொடுத்த நேஷனல் பால்பவுடரிலும் வைட்டமின் டி, குழந்தைக் கஞ்சி மாவிலும் வைட்டமின் டி. சொன்னதையெல்லாம் ஒழுங்காகக் கொடுத்த வீடுகளில் சில குழந்தைகளுக்கு இரத்தத்தில் கால்சியம் ஏறி, பால் குடிக்காமல், வாந்தி எடுத்து மெலிந்தன. 1950களின் நடுவில் டாக்டர்கள் இதைக் கவனித்தார்கள், 1957இல் அளவைக் குறைத்தார்கள். கணை நோயை (வைட்டமின் டி குறைந்து எலும்பு வளைவது) விரட்டக் கொடுத்த மருந்து சில பிள்ளைகளுக்கு மிகையாகிவிட்டது. மையத்தின் பேச்சைத் தட்டாமல் கேட்ட தாய்க்கு இது நடந்தது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

15 ஜனவரி

குழந்தை உதவித்தொகையும் இதில் சேர்ந்ததா என்று கேட்ட தம்பிக்கு: அது வேறு திட்டம். அது 1945ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டாவது குழந்தையிலிருந்து தலைக்கு வாரம் 5 ஷில்லிங். தபால் அலுவலகத்தில் 1946 ஆகஸ்ட் 6 முதல் கொடுத்தார்கள். முதலில் அப்பா பெயரில் கொடுக்கத்தான் நினைத்தார்கள். எலினர் ராத்போன் என்ற பாராளுமன்ற உறுப்பினர் விடாப்பிடியாக நின்று தாய் கையில் வாங்கிக் கொடுத்தார். அதைக் கண்ணால் பார்க்க அவர் இல்லை, அந்த ஜனவரியிலேயே இறந்துவிட்டார்.

15 ஜனவரி, மறுபடியும்

பெற்றோர் இல்லாத பிள்ளைகளை யார் பார்த்தார்கள் என்ற கேள்விக்குச் சுருக்கமாக. டெனிஸ் ஓநீல் என்ற 12 வயதுப் பையன், மன்றம் அனுப்பி வைத்த வளர்ப்பு வீட்டில் 1945 ஜனவரியில் அடியும் பட்டினியும் பட்டு இறந்தான். ஷ்ராப்ஷயரில் ஒரு பண்ணை வீடு. நாடே கொதித்தது. இப்படிப்பட்ட பிள்ளைகளை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஆராய்ந்த கர்ட்டிஸ் குழு 1946இல் அறிக்கை கொடுத்தது. 1948இல் குழந்தைகள் சட்டம் வந்து ஒவ்வொரு மன்றத்துக்கும் குழந்தைகளுக்கென்று தனி அதிகாரி வந்தார். எடை போடும் மேசை ஒரு துறை, இது இன்னொரு துறை. ஒரே ஊரில் இரண்டும் எவ்வளவு தூரம் பேசிக்கொண்டன என்பது ஊருக்கு ஊர் வேறு.

20 ஜனவரி

என் மனதுக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன்.

1946 மார்ச் 3 முதல் 9 வரை ஒரே வாரம். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் அந்த வாரத்தில் பிறந்த குழந்தைகளின் தாய்மார்களை ஹெல்த் விசிட்டர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். 13,687 தாய்மார்கள். ஜேம்ஸ் டக்ளஸ் என்ற டாக்டர் நடத்திய கணக்கெடுப்பு. மேல் பார்வைக்கு எண்ணிக்கை வேலைதான். ஆனால் கேட்ட கேள்விகளைப் பாருங்கள்: யார் பிரசவம் பார்த்தார்கள், வலிக்கு என்ன கொடுத்தார்கள், குழந்தையின் உடுப்புக்கும் தள்ளுவண்டிக்கும் எவ்வளவு செலவானது, வீட்டில் யார் உதவினார்கள். பிள்ளை பெற ஒரு குடும்பத்துக்கு என்ன ஆகிறது என்று ஒரு நாடு உட்கார்ந்து கேட்டிருக்கிறது.

வலி மருந்து விஷயத்தில் வந்த பதில் வெட்கக்கேடு. வலியைக் குறைக்கும் வாயு கலந்த காற்றை முகமூடியில் இழுக்கும் மினிட் கருவி லிவர்பூலில் 1930களில் வந்தது. மருத்துவச்சி அதைப் பயன்படுத்த 1936லேயே அனுமதி உண்டு. பத்து வருஷம் கழித்தும் வீட்டில் பெற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் ஏதாவது வலி மருந்து கிடைத்தது. மருத்துவமனையில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு. கருவி போதவில்லை, பயிற்சி பெற்றவர்கள் போதவில்லை. எல்லோருக்கும் இதை உறுதி செய்ய 1949இல் பீட்டர் தார்னிகிராஃப்ட் பாராளுமன்றத்தில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசு எதிர்த்தது, சட்டமாகவில்லை.

அந்த வாரத்துக் குழந்தைகளில் 5,362 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களில் இருப்பவர்களை இன்றுவரை பின்தொடர்கிறார்கள். பள்ளி, வேலை, இதயம், எலும்பு, நினைவாற்றல் எல்லாம். பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை வரும். 2016இல் எழுபதாவது பிறந்தநாளுக்கு விழாவே நடந்தது.

23 ஜனவரி

மூன்று நாளாக மேலே எழுதியதன் கடைசிப் பத்தி உறுத்திக்கொண்டே இருக்கிறது. சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன்.

அந்த 5,362 பேரில் திருமணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தை ஒன்றுகூட இல்லை. முதல் கணக்கெடுப்பில் இருந்தார்கள். பின்தொடர ஆள் எடுத்தபோது இரட்டைக் குழந்தைகளையும் இவர்களையும் விட்டுவிட்டார்கள். தத்துப் போய்விட்டால் தேடிப் பிடிப்பது கடினம் என்ற நடைமுறைக் காரணம் இருந்திருக்கலாம். காரணம் எதுவானாலும், பிறந்தநாள் அட்டை அவர்களுக்குப் போகவில்லை.

அந்தப் பெண்கள் எங்கே போனார்கள்? நிறையப் பேர் தாய்சேய் இல்லங்களுக்கு. சர்ச்சுகளும் தர்ம அமைப்புகளும் நடத்தியவை. வழக்கமாகப் பிரசவத்துக்கு ஆறு வாரம் முன்னால் போக வேண்டும், பிறகு ஆறு வாரம் இருந்து குழந்தையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், அப்புறம் தத்து. 1949 முதல் 1976 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 1,85,000 குழந்தைகள் இப்படித் தாயைப் பிரிந்தார்கள் என்று 2022இல் பாராளுமன்றக் குழு சொன்னது. 2023இல் ஸ்காட்லாந்து அரசும் வேல்ஸ் அரசும் மன்னிப்புக் கேட்டன. லண்டனில் இருக்கும் பிரிட்டன் அரசு அப்போது வருத்தம் தெரிவித்ததோடு நின்றுகொண்டது.

எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டி இருந்தார். இறந்து பல வருஷமாயிற்று, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருக்கு ஒரே மகன். வாரா வாரம் வந்து பார்ப்பார். குழந்தை என்ன எடை என்று கேட்டால் பாட்டி இரண்டு எடை சொல்வார். "8 பவுண்டு 1 அவுன்ஸ்", கொஞ்சம் நிறுத்தி, "6 பவுண்டு 11 அவுன்ஸ்". மகன் சிரித்துக்கொண்டே "நான் 8 பவுண்டு, அம்மா" என்பார். நாங்களும் மறதி என்றுதான் எண்ணினோம். குறிப்பேட்டில் அப்படியே எழுதியும் வைத்தோம். எழுதியது நான்தான்.

ஒரு இரவு தூக்கம் வராமல் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். 19 வயது. அந்த இல்லத்தில் வெளியே போகும்போது போட்டுக்கொள்ள விரலுக்கு ஒரு மோதிரம் கொடுத்தார்களாம். குழந்தைக்கான கம்பளி உடுப்பைத் தானே பின்னினார். ஆறாவது வாரம் அந்த உடுப்பைப் போட்டு, பால் கொடுத்து, மாடியிலிருந்து கீழே கொண்டுபோய் ஓர் அறையில் கொடுத்தார். மேலே வந்து ஜன்னல் வழியாகக் கார் கிளம்புவதைப் பார்த்தார். பெண் குழந்தை. வேறு எதுவும் அவரிடம் இல்லை. படம் இல்லை, வைத்த பெயர் நிலைக்கவில்லை.

வாரா வாரம் அட்டையில் பார்த்ததால் எடை பதிந்துவிட்டது போல என்று 10ஆம் தேதி எழுதினேன். இல்லை. இவருக்கு எந்த மையத்தின் அட்டையும் கிடையாது. 6 பவுண்டு 11 அவுன்ஸ் என்று ஒரு மருத்துவச்சி ஒரே ஒரு முறை வாய்விட்டுச் சொன்னதைக் கேட்டவர்.

மறுநாள் குறிப்பேட்டில் நான் எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தேன். மகனிடம் சொல்லவில்லை. அது பாட்டி சொல்ல வேண்டியது, எனக்கு உரிமை இல்லை என்று அன்று நினைத்தேன். இன்று அவ்வளவு உறுதியாக இல்லை.

4 பிப்ரவரி

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரமாக இதைத் திறக்கவே மனம் வரவில்லை.

வீட்டுப் பிரசவம் எப்போது நின்றது என்ற கேள்வி பாக்கி. 1959இல் பிரசவச் சேவையை ஆராய்ந்த கிரான்புரூக் குழு என்ற அரசுக் குழு, நூற்றுக்கு 70 பிரசவம் மருத்துவமனையில் நடக்க ஏற்பாடு வேண்டும், பெற்றவள் 10 நாள் அங்கே இருக்க வேண்டும் என்றது. 1960இல் இன்னும் மூன்றில் ஒரு குழந்தை வீட்டில்தான். அப்போது படுக்கை கிடைப்பதே பெரும்பாடு. தலைப்பிரசவம், பல பிள்ளை பெற்றவள், நெரிசலான வீடு என்றால்தான் முதலிடம். 1970இல் பீல் குழு என்ற இன்னொரு அரசுக் குழு எல்லோருக்கும் மருத்துவமனை என்று சொல்லிவிட்டது. பத்து வருஷத்துக்குள் வாசல் சிலேட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மருத்துவமனை கெடுதல் என்று நான் சொல்லமாட்டேன், எத்தனையோ இரத்தப்போக்கை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் 14 நாள் வீட்டுக்கு வந்த அந்தக் கால்கள்? அந்த இடத்தை எதுவும் முழுசாக நிரப்பவில்லை.

மலேசியாவிலிருந்து எழுதிய சகோதரிக்கு: உங்கள் பெரியம்மா 1960களில் இங்கே மருத்துவச்சிப் பயிற்சிக்கு வந்தார், அவருடைய பிரசவப் பதிவு நோட்டு வீட்டில் இருக்கிறது என்று படித்ததும் துள்ளி எழுந்தேன். பயிற்சியின் இரண்டாம் பாகத்தில் தெருத் தெருவாக வீடுகளுக்கு அனுப்புவார்கள். ஆகவே அதில் வீட்டுப் பிரசவங்களும் இருக்க வேண்டும். தயவுசெய்து அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஈரம் படாத இடத்தில் வையுங்கள். படம் எடுத்து அனுப்புவதானால் தாய்மார்களின் பெயரும் விலாசமும் தெரியாதபடி ஒரு தாளை வைத்து மறைத்துவிடுங்கள். தேதியும், மருந்து ஏதாவது கொடுத்தாரா என்பதும், குழந்தையின் எடை எழுதிய பத்தியும் தெரிந்தால் எனக்குப் போதும்.